சாட்சி மன்னிக்கலாமா?

‘அடையாளம் தெரியாத வாகனம் மோதிப் பலி’ என்ற ஒற்றைப் பத்திச் செய்தி கோவை வட்டார வாசகர்களுக்குப் பழகிப்போன ஒன்று. நீலம்பூரிலிருந்து மதுக்கரை செல்லும் புறவழிச்சாலை, அவிநாசி சாலை, பல்லடம் சாலை, பொள்ளாச்சி சாலை என்று இடம் மட்டும் மாறும். ஆனால் அந்த வாகனத்தின் அடையாளம் உண்மையில் ஒருவருக்குமே தெரியாமல் போவது அபூர்வம். பின்னால் வந்த வண்டிக்காரர் பார்த்திருப்பார். விடிகாலையில் கடை திறந்த டீக்கடைக்காரர் பார்த்திருப்பார். ஓட்டியவருக்குப் பக்கத்து இருக்கையில் ஒருவர் இருந்திருப்பார். முன்பக்கம் நசுங்கி, கண்ணாடி உடைந்து வந்த வண்டியை மறுநாள் பட்டறையில் இறக்கிக்கொண்டவர் யோசித்திருப்பார். ஓட்டியவரின் வீட்டாருக்கு இரண்டே நாளில் விஷயம் புரிந்திருக்கும். தெரிந்த அந்த ஒருவர் காவல் நிலையத்துக்குப் போய்ச் சொல்ல வேண்டுமா என்பதே நம் கேள்வி. சட்டம் இதற்கு முழு விடை தருவதில்லை. பொதுமக்கள் தாமாக முன்வந்து தெரிவிக்க வேண்டிய குற்றங்களின் பட்டியல் ஒன்று குற்ற நடைமுறைச் சட்டத்தில் உண்டு. கொலையும் கொள்ளையும் அதில் இருக்கின்றன. கவனக்குறைவால் மரணம் விளைவிப்பது இல்லை. ஆகவே பார்த்தவர் பேசாமல் இருந்தால் அந்தப் பிரிவின் கீழ் அவர்மீது வழக்கு வராது. அவருடைய மனச்சாட்சியிடமே இது விடப்பட்டிருக்கிறது. மனச்சாட்சியிடம் விடப்பட்ட கேள்வி அறத்தின் கேள்வி. கொங்கு நாட்டில் அது சாமியின் கேள்வியும்கூட.

சொல்வதாலும் சொல்லாமல் விடுவதாலும் என்ன நேர்கிறது என்பதை முதலில் பார்த்துவிட வேண்டும். மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகத்தின் கணக்குப்படி 2022ஆம் ஆண்டில் இந்தியச் சாலைகளில் 1,68,491 பேர் இறந்தார்கள். அவர்களில் 30,486 பேர், மோதிய வாகனம் நிற்காமல் போய்விட்ட விபத்துகளில் இறந்தவர்கள். அந்த ஆண்டு நாட்டிலேயே அதிக விபத்துகள் பதிவான மாநிலம் 64,105 விபத்துகளுடன் தமிழ்நாடு. மோதிய வண்டி எது என்று கடைசிவரை தெரியாவிட்டால், இறந்தவர் குடும்பத்துக்கு மோட்டார் வாகனச் சட்டத்தின் 161ஆம் பிரிவின்படி 2 லட்சம் ரூபாய் கிடைக்கும். 2022 ஏப்ரலுக்கு முன்பு அது 25,000 ரூபாயாகத்தான் இருந்தது. வண்டி தெரிந்துவிட்டால் கணக்கே வேறு. திருப்பூர் பனியன் கம்பெனியில் மாதம் 15,000 ரூபாய் வாங்கும், மனைவியும் ஒரு குழந்தையும் உள்ள 25 வயதுத் தொழிலாளி ஒருவரை எடுத்துக்கொள்வோம். உச்ச நீதிமன்றம் 2009இலும் 2017இலும் வகுத்த முறைப்படி, ஆண்டு வருமானம் 1,80,000 ரூபாயோடு எதிர்கால உயர்வுக்காக 40 சதவீதம் கூட்டி, அவருடைய சொந்தச் செலவுக்கு மூன்றில் ஒரு பங்கைக் கழித்து, 18ஆல் பெருக்க வேண்டும். 30,24,000 ரூபாய் வருகிறது. தீர்ப்பாயம் இதைக் கூட்டலாம், குறைக்கலாம். ஆனாலும் அந்தப் பெண் தன் பிள்ளையைப் படிக்க வைப்பதற்கும் படிப்பை நிறுத்தி வேலைக்கு அனுப்புவதற்கும் நடுவே நிற்பது, யாரோ ஒருவர் பார்த்து வைத்திருக்கும் வண்டி நம்பர். அந்தப் பணத்தைப் பெரும்பாலும் ஓட்டுநர் தருவதில்லை, இன்சூரன்ஸ் நிறுவனம் தருகிறது. புகார் சொல்வதென்றால் ஒருவரை ஜெயிலுக்கு அனுப்புவது என்று மட்டுமே நினைப்பவர்கள், அதே புகாரின் மறுபக்கத்தில் ஒரு குடும்பத்தின் அரிசியும் வாடகையும் இருப்பதைக் காண்பதில்லை.

இங்கிருந்துதான் என் வாதம் தொடங்குகிறது. பார்த்தவர் பேசாமல் இருப்பதைப் பலரும் இரக்கம் என்கிறார்கள். ‘பாவம், வேணும்னா இடிச்சான்? விட்ருங்க’ என்கிறார்கள். ஆனால் இடித்தவரை விட்டுவிடும் உரிமை யாருடையது? அடிபட்டவர் மன்னிக்கலாம், அவர் இறந்திருந்தால் அவருடைய தாயோ மனைவியோ மன்னிக்கலாம். அவர்களுக்கு நேர்ந்த இழப்பை மூன்றாம் மனிதர் ஒருவர் அவர்களுக்குப் பதிலாக மன்னிக்க முடியாது. மன்னிப்பதற்கு முதலில் யாரை, எதற்காக மன்னிக்கிறோம் என்று தெரிய வேண்டும். பார்த்தவர் வாய் மூடிக்கொள்ளும்போது அந்தக் குடும்பத்தின் இழப்பீட்டை மட்டும் பறிக்கவில்லை. கோபப்படும் உரிமையையும் மன்னிக்கும் உரிமையையும் சேர்த்தே பறித்துவிடுகிறார். சாட்சியிடம் இருக்கும் உண்மை அவருடைய சொந்தச் சொத்தல்ல. அது மாண்டவருக்கும் அவரைச் சார்ந்தவர்களுக்கும் உரியது; தற்செயலாகச் சாட்சியின் கையில் வந்து சேர்ந்திருக்கிறது. இன்னொருவர் பொருளை வைத்துக்கொண்டு தருமம் செய்ய யாருக்கும் உரிமையில்லை.

தமிழர்கள் இதை ஆயிரம் ஆண்டுகளாக ஒரு தேர் விபத்தின் கதையாகச் சொல்லிவருகிறார்கள். மனுநீதிச் சோழன் கதையை மன்னனின் நீதிக்கு எடுத்துக்காட்டாக மட்டுமே பள்ளியில் படித்துவிட்டோம். சேக்கிழார் பெரியபுராணத்தில் அதைச் சொல்லும் முறையைக் கவனித்தால், நம் கேள்வி அப்படியே அதற்குள் இருக்கிறது. இளவரசன் திருவாரூர் வீதியில் தேரில் வருகிறான். எதிர்பாராமல் துள்ளி வந்த கன்று சக்கரத்தில் அகப்பட்டு மடிகிறது. அவன் கொடியவனல்லன், துடித்துப் போகிறான். தந்தை அறிவதற்கு முன்பே அந்தணரிடம் கேட்டுக் கழுவாய் செய்துவிட வேண்டும் என்று போகிறான். அதாவது பாவத்தைத் தனக்கும் சாத்திரத்துக்கும் இடையிலேயே தீர்த்துக்கொள்ளப் பார்க்கிறான். அதற்குள் தாய்ப்பசு அரண்மனை வாயில் மணியை அடித்துவிடுகிறது. நடந்ததை அறிந்த மன்னனிடம் அமைச்சர்களும் கழுவாயையே பரிந்துரைக்கிறார்கள். மன்னன் மறுக்கிறான். அந்தச் சடங்கு பசுவின் துயரத்துக்கு மருந்தாகுமா என்பதும், இன்னொருவன் பிள்ளை செய்திருந்தால் இப்படிச் சொல்வீர்களா என்பதும் அவன் எழுப்பும் கேள்விகளின் சாரம். அவன் விதித்த தண்டனையை நாம் இன்று ஏற்க வேண்டியதில்லை. உயிருக்கு உயிர் என்பது நம் சட்டமும் அல்ல, நம் விருப்பமும் அல்ல. ஆனால் தண்டனைக்கு முன்பு நடப்பதை விட்டுவிட முடியாது. இழந்தவரின் முறையீட்டைக் கேட்டு முடிக்கும்வரை இடித்தவரின் வருத்தமோ, சடங்கோ, நல்ல குணமோ கணக்கை முடித்துவிடாது என்கிறது கதை. அந்தப் பசுவால் மணியை அடிக்க முடிந்தது. சாலையோரத்தில் நினைவிழந்து கிடப்பவரால் முடியாது. அவருக்காக மணியை அடிக்கக்கூடிய ஒரே கை, பார்த்தவருடைய கை.

முதல் மறுப்பு ஊழின் பெயரால் வருகிறது. ‘அவன் செஞ்ச வினை அவனைச் சும்மா விடாதுங்க, நாம எதுக்குக் குறுக்க போகோணும்?’ என்பது கொங்கு வீடுகளில் உண்மையான நம்பிக்கையோடு சொல்லப்படும் பேச்சு. அதை எளிதாக ஒதுக்கிவிடக் கூடாது. ஆனால் ஊழை நம்புவது பேசாமல் இருப்பதற்குக் காரணமாகுமா? சிலப்பதிகாரம் ஊழ்வினை வந்தே தீரும் என்பதைத் தன் கருப்பொருள்களில் ஒன்றாக அறிவிக்கும் காப்பியம். அதன் நாயகி கண்ணகியோ கணவனின் சாவை ஊழிடம் ஒப்படைத்துவிட்டு வீட்டில் உட்காரவில்லை. கையில் ஒற்றைச் சிலம்போடு அரசவைக்குச் சென்று வழக்குரைக்கிறாள். தன் ஊரை அறிமுகப்படுத்தும்போது தேர்க்காலில் மகனை இட்ட சோழனையே சான்றாக நிறுத்துகிறாள். அந்தக் கண்ணகிக்குக் கொங்கு இளங்கோசர் தம் நாட்டில் விழா எடுத்தார்கள் என்கிறது அந்நூலின் உரைபெறு கட்டுரை. வழக்குரைத்த பெண்ணைத் தெய்வமாக்கிய நிலம் இது. சைவ சித்தாந்தமும் இதற்கு இசைவானதே. வினை அறிவற்றது, தானே சென்று பயன் தராது, அறிவுடைய இறைவனே அதைக் கூட்டுவிக்கிறான் என்பது அதன் அடிப்படைக் கொள்கை. இறைவன் வினைப்பயனை வெறுவெளியில் கூட்டுவிப்பதில்லை. உலகத்தையும் உடலையும் பிற மனிதர்களையும் கருவியாகக் கொண்டே கூட்டுவிக்கிறான். அப்படியானால் அந்த நேரத்தில் அந்த இடத்தில் ஒருவரை நிற்க வைத்துப் பார்க்கவும் வைத்தது எதற்காக என்று சாட்சி தன்னையே கேட்டுக்கொள்ள வேண்டியிருக்கிறது. ஊழை முழுமையாக நம்புகிறவருக்கு, தான் பார்த்ததும் ஊழின் பகுதிதான்.

இதே எண்ணத்தின் இன்னொரு வடிவம், ‘சாமி பாத்துக்கும்’ என்பது. ஆனைமலை மாசாணியம்மன் கோயிலுக்குச் செல்கிறவர்கள் இதன் ஆழத்தை அறிவார்கள். திருட்டுக் கொடுத்தவர்களும் ஏமாற்றப்பட்டவர்களும் அங்கே மிளகாய் அரைத்து நீதிக்கல்லில் பூசி முறையிடுகிறார்கள். விருத்தாசலம் பக்கம் மணவாளநல்லூர் கொளஞ்சியப்பர் கோயிலில் பிராதைத் தாளில் எழுதியே முருகனிடம் கட்டுகிறார்கள். இந்த வழக்கங்கள் புகார் செய்யாமல் இருக்க ஆதாரமாகக் காட்டப்படுவதுண்டு. ஆனால் அவை சொல்வது நேர் எதிரானது. மாசாணியம்மன் எல்லாம் அறிந்தவள் என்று நம்புகிறவர்களே, அவள் முன்னால் நடந்ததைச் சொல்லித்தான் ஆக வேண்டும் என்றும் நம்புகிறார்கள். தெய்வத்திடம்கூடப் பிராது கொடுக்க வேண்டும், என்ன இழந்தோம் என்று கூற வேண்டும் என்றால், மனிதர்களுக்கு நடுவில் நீதி பேசாமல் வந்துவிடும் என்று எப்படி எதிர்பார்ப்பது? முறையிடுவது பக்திக்குக் குறைவு என்று நம் கோயில்கள் ஒருபோதும் சொல்லவில்லை. அங்கே மிளகாய் அரைப்பவர் வேறு வழியில்லாமல் வந்தவர். யார் செய்தார் என்று அவருக்குத் தெரியாது, அல்லது நிரூபிக்க முடியாது. நம்பர் தெரிந்த சாட்சியின் நிலை வேறு. அவர் சொல்லாமல் விட்டதனால்தான் ஒரு தாய் ஆனைமலைக்கு வந்து மிளகாய் அரைக்க வேண்டியிருக்கிறது என்றால், அந்த முறையீட்டின் சூடு யாரைச் சேரும் என்பதை அவரே யோசிக்கட்டும்.

அடுத்த மறுப்பு பிழைப்பைப் பற்றியது. கொங்கு நாட்டில் இதற்குக் கூடுதல் எடை உண்டு. நாமக்கல், சங்ககிரி, திருச்செங்கோடு வட்டாரங்களில் லாரியும் ஆழ்துளைக் கிணறு போடும் ரிக் வண்டியும் ஊரின் சோறு. ஓட்டுநர் என்பவர் யாரோ அல்லர். பக்கத்துக் காட்டுக்காரர், சித்தப்பா, கூடப் படித்தவர். பாரதிய நியாய சன்ஹிதாவின் 106ஆம் பிரிவில், மரணம் விளைவித்துவிட்டுத் தகவல் தராமல் தப்பினால் 10 ஆண்டுவரை சிறை என்ற உட்பிரிவு வந்தபோது, 2024 ஜனவரித் தொடக்கத்தில் நாட்டின் பல பகுதிகளில் ஓட்டுநர்கள் வண்டிகளை நிறுத்தினார்கள். சட்டத்தின் மற்ற பிரிவுகள் அந்த ஆண்டு ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்தன. இந்த உட்பிரிவு மட்டும் நிறுத்தி வைக்கப்பட்டது. ஓட்டுநர்கள் சொன்னதில் நியாயம் இருக்கிறது. இடித்த இடத்தில் நின்றால் கூட்டம் அடித்தே கொன்றுவிடும் என்ற அச்சம் கற்பனையல்ல. தப்பு யார் மீது என்று பார்க்காமல் பெரிய வண்டிக்காரரைக் குற்றவாளியாக்கும் வழக்கமும் உண்டு. ஆனால் மோட்டார் வாகனச் சட்டத்தின் 134ஆம் பிரிவு இந்த அச்சத்தை முன்பே கணக்கில் எடுத்திருக்கிறது. அடிபட்டவரின் மருத்துவ உதவிக்கு ஓட்டுநர் வழிசெய்ய வேண்டும். கூட்டத்தின் சினத்தால் அது இயலாமல் போனால் அந்தக் கடமையிலிருந்து விலக்கு உண்டு. நடந்ததை அருகிலுள்ள காவல் நிலையத்தில் இயன்ற விரைவில், எப்படியும் 24 மணி நேரத்துக்குள், தெரிவிக்க வேண்டும் என்பதில்தான் சட்டம் உறுதியாக நிற்கிறது. அடிக்குப் பயந்து இடத்தை விட்டு ஓடுவதும், பொறுப்புக்குப் பயந்து உண்மையிலிருந்து ஓடுவதும் வேறுவேறு என்பதை அது பிரித்துக் காட்டுகிறது. 2020 பிப்ரவரி 20 அதிகாலையில் அவிநாசி அருகே கன்டெய்னர் லாரி தடுப்பைத் தாண்டிக் கேரள அரசுப் பேருந்து மீது மோதியதில் 19 பேர் இறந்தார்கள். இடத்தை விட்டு அகன்றிருந்த லாரி ஓட்டுநர் பிறகு காவல்துறையின் முன் வந்தார். அவ்வளவு பெரிய துயரத்திலும், என்ன நடந்தது என்று இறந்தவர்களின் குடும்பங்கள் கேட்பதற்கு ஓர் ஆள் இருந்தார். பெயர் தெரியாத வண்டியால் இறந்தவரின் குடும்பத்துக்கு அதுவும் இல்லை.

பிழைப்பு வாதத்துக்குள் இன்னொரு நியாயம் ஒளிந்திருக்கிறது: ஏழை ஓட்டுநரிடம் இரக்கம் காட்ட வேண்டாமா? வேண்டும். வள்ளுவர் கண்ணோட்டத்துக்கு ஓர் அதிகாரமே ஒதுக்கியிருக்கிறார். ஆனால் கடமை கெடாமல் இரக்கம் காட்ட வல்லவருக்கே அந்த அதிகாரத்தில் பெருமை தருகிறார். இரக்கத்துக்கான இடம் வழக்கு தொடங்கிய பிறகு ஏராளமாக இருக்கிறது. தண்டனையைத் தீர்மானிக்கும் நீதிபதி ஓட்டுநரின் வறுமையை, தூக்கமில்லாமல் ஓட்டச் சொன்ன முதலாளியை, விளக்கில்லாத சாலையை, குறுக்கே வந்தவரின் தவறையும் பார்க்கலாம். சாட்சி வாயை மூடிக்கொண்டால் இவற்றில் எதையும் யாரும் பார்க்கப் போவதில்லை. ஓட்டுநரை அப்படி ஓட்ட வைத்தவர்களும் சேர்ந்தே தப்பிவிடுவார்கள். ஏழை ஓட்டுநரின் மேல் அக்கறை உள்ளவர் சொல்ல வேண்டியது கூடுதலான உண்மையைத்தான். அவர் பிரேக் போட முயன்றதைப் பார்த்திருந்தால் அதையும் சொல்லட்டும்.

மிகக் கடினமான மறுப்பு உறவின் பெயரால் வருவது. இடித்தவர் மகனாகவோ மச்சானாகவோ இருந்தால் என்ன செய்வது? பெரிய சிந்தனையாளர்களே இங்கே ஒத்துப்போகவில்லை. ஆடு திருடிய தந்தைக்கு எதிராகச் சாட்சி சொன்ன மகனை ஒருவர் நேர்மையாளன் என்று புகழ்ந்தபோது, தந்தை மகனையும் மகன் தந்தையையும் மறைப்பதில்தான் நேர்மை இருக்கிறது என்றார் கன்பூசியஸ். பிளேட்டோவின் யூதிஃப்ரோ உரையாடலில் ஒரு மகன், கூலியாள் ஒருவரைக் கட்டிப் பள்ளத்தில் போட்டுக் கவனிக்காமல் சாகவிட்ட தன் தந்தை மீதே வழக்குத் தொடுக்க வருகிறான். கொல்லப்பட்டவர் உறவா அந்நியரா என்பது வேறுபாடு ஆகாது என்கிறான். அவனுடைய தயக்கமற்ற உறுதியைச் சாக்ரட்டீஸ் கேள்விக்கு மேல் கேள்வி கேட்டு அசைக்கிறார். குர்ஆன் தெளிவாகவே பேசுகிறது: உங்களுக்கோ பெற்றோருக்கோ உறவினருக்கோ எதிராக இருந்தாலும், சம்பந்தப்பட்டவர் செல்வராயினும் ஏழையாயினும், நீதிக்குச் சாட்சியாக நில்லுங்கள் என்பது அதன் கட்டளை. நம் சட்டமோ நடுவில் நிற்கிறது. குற்றவாளிக்கு அடைக்கலம் தருவது குற்றம் என்று சொல்லும் பிரிவு, கணவனுக்கு மனைவியும் மனைவிக்குக் கணவனும் தரும் அடைக்கலத்துக்கு மட்டும் விலக்கு அளிக்கிறது. இதிலிருந்து நான் எடுத்துக்கொள்வது இதுதான்: உறவினர் தம் நாவால் சொல்லத் தயங்குவதை மனிதர்கள் மன்னிக்கக்கூடும்; தம் கைகளால் மறைப்பதை மன்னிக்க முடியாது. வண்டியைக் கழுவுவது, இரவோடிரவாக டிங்கரிங் செய்வது, சம்பளத்துக்கு இருக்கும் டிரைவரை ‘நான்தான் ஓட்டினேன்’ என்று சொல்ல வைப்பது ஆகியவை பாசத்தின் செயல்களல்ல. முதல் விபத்தில் ஒருவரை இழந்த உலகத்தில் இரண்டாவதாக இன்னொருவரைப் பலிகொடுப்பது அது. 2024 மே மாதம் புனேயில் இரண்டு இளைஞர்கள் சொகுசுக் கார் மோதி இறந்த வழக்கில், குடும்ப டிரைவரைப் பழியேற்கச் செய்ய முயன்றதாகவும் ரத்த மாதிரியை மாற்றியதாகவும் எழுந்த குற்றச்சாட்டுகள் நாட்டையே உலுக்கியது இதனால்தான்.

உறவினருக்கு மூன்றாவது வழியும் உண்டு. அதுவே சிறந்தது என்று நினைக்கிறேன். காட்டிக்கொடுப்பதற்கும் மறைப்பதற்கும் நடுவே, கூட்டிக்கொண்டு போவது என்ற ஒன்று இருக்கிறது. வக்கீலை அழைத்து, ஊர்ப் பெரியவர் ஒருவரையும் சேர்த்துக்கொண்டு, மகனை ஸ்டேஷனுக்குத் தந்தையே அழைத்துச் செல்லலாம். ஜாமீனுக்கு அவரே நிற்கலாம், செலவை ஏற்கலாம், தண்டனை வந்தால் திரும்பி வரும்வரை அவன் குடும்பத்தைப் பார்த்துக்கொள்ளலாம். இறந்தவர் வீட்டு வாசலில் சென்று தலைகுனிந்து நிற்கவும் செய்யலாம். கன்பூசியஸ் காக்க நினைத்த பாசம் இதில் ஒரு துளியும் குறையவில்லை. மனுநீதிச் சோழனும் மகனை வெறுத்தவன் அல்லன்; மகனின் பக்கத்தில் நின்றுகொண்டே பசுவின் பக்கமும் நிற்க முயன்ற தந்தை.

கடைசி மறுப்பு காவல்துறையைப் பற்றியது. ‘போனா நம்மளையே நூறு கேள்வி கேப்பாங்க, கோர்ட்டுக்கு வருசக் கணக்குல நடக்கோணும்’ என்கிறார்கள். சில சாட்சிகள் பெரிய விலை கொடுத்திருக்கிறார்கள் என்பது உண்மை. மும்பையில் 2002 செப்டம்பரில், நடைபாதையில் உறங்கியவர்கள்மேல் கார் ஏறி ஒருவர் இறந்தபோது, காரில் இருந்த நடிகர் ஒருவருக்குப் பாதுகாப்பாகச் சென்றிருந்த காவலர் அன்றே புகார் கொடுத்தார். பின்னாளில் அவர் வேலையை இழந்தார். 2007இல் காசநோயால் இறந்தார். அவருடைய சாட்சியத்தை முழுமையாக நம்ப இயலாது என்று கூறி 2015இல் உயர் நீதிமன்றம் நடிகரை விடுவித்தது. தீர்ப்பு எப்படி இருந்தாலும், சாட்சி சொன்னவர் தனித்து விடப்பட்டது ஒரு சமூகத்தின் குற்றம். ஆனால் அது புகார் செய்யாமல் இருக்கக் காரணமாகாது. சாட்சியைத் தனியே விடக் கூடாது என்பதற்கே காரணம். 2016 மார்ச் 30 அன்று, விபத்தில் உதவுகிறவர்களைத் துன்புறுத்தக் கூடாது என்ற நெறிமுறைகளுக்கு உச்ச நீதிமன்றம் சட்ட வலு கொடுத்தது. 2019ஆம் ஆண்டுத் திருத்தம் மோட்டார் வாகனச் சட்டத்தில் 134ஏ பிரிவைச் சேர்த்தது. அடிபட்டவருக்காகத் தகவல் தருகிறவரைப் பெயர் சொல்லுமாறு வற்புறுத்த முடியாது; தாமாகச் சாட்சியாக முன்வந்தால் அவருக்கு வசதியான இடத்தில் ஒரே முறையில் விசாரணையை முடிக்க வேண்டும். காவல்துறையே கடமை தவறினாலும் புகார் வீணாவதில்லை. 2023 புத்தாண்டு அதிகாலையில் தில்லி கஞ்சாவாலாவில் இளம்பெண் ஒருவர் காரின் அடியில் பல கிலோமீட்டர் இழுத்துச் செல்லப்பட்டு இறந்தார். அதைப் பார்த்த கடைக்காரர் ஒருவர் காரைப் பின்தொடர்ந்தபடி காவல்துறையைத் திரும்பத் திரும்ப அழைத்தார். அந்தப் பெண்ணைக் காப்பாற்ற அது போதவில்லை. ஆனால் ஓடிய கார் மறைந்துபோகவில்லை. கடமை தவறியதற்காகக் காவலர்கள் 11 பேர் பணியிடை நீக்கம் செய்யப்பட்டார்கள். காவல்துறையைக் கணக்குக் கேட்கவும் முதலில் யாரோ ஒருவர் அழைத்திருக்க வேண்டும்.

சாட்சியின் கடமைக்கு ஓர் எல்லையும் உண்டு. அந்த எல்லையே அந்தக் கடமையை அறமாக்குகிறது. பார்த்ததைச் சொல்ல வேண்டும். ஊகித்ததைச் சொல்லக் கூடாது. நம்பரில் கடைசி இரண்டு எண்தான் தெரியுமென்றால் அவ்வளவுதான். வண்டியின் நிறம், சென்ற திசை, நேரம் ஆகியவை போதும். மீதியைச் சுங்கச்சாவடியின் கேமராவும் சாலையோரச் சிசிடிவியும் தேடிக்கொள்ளும். போதையில் இருந்தார் என்று தாமாக முடிவுகட்ட வேண்டாம். படத்தை வாட்ஸ்அப்பில் சுற்றவிட்டு ஊரைக் கூட்டவும் வேண்டாம். அது நீதிமன்றத்தின் வேலையைத் தெருக் கூட்டத்தின் கையில் கொடுப்பது. அடிபட்டவருக்கு உயிர் இருந்தால் முதல் அழைப்பு 108க்குத்தான். தமிழ்நாட்டில் 2021 டிசம்பரில் தொடங்கிய இன்னுயிர் காப்போம் திட்டத்தில் முதல் 48 மணி நேரச் சிகிச்சைக்கு எந்த மாநிலத்தவருக்கும் வசதி உண்டு. பணம் யார் கட்டுவது என்று தயங்க வேண்டியதில்லை. ஓட்டுநரைக் கூட்டம் பிடித்துக்கொண்டால், அவர்மேல் கை விழாமல் தடுப்பதும் சாட்சியின் பொறுப்பே. நின்றவர் அடிபடும் ஊரில் அடுத்த ஓட்டுநர் நிற்க மாட்டார்; அதன் விலையை இரத்தம் ஒழுகக் கிடக்கும் அடுத்த மனிதர் கொடுப்பார்.

சாட்சி தனி மனிதராக இருந்தாலும் கடன் ஊருடையது. யூதர்களின் தோராவில் ஒரு விதி உண்டு. வெட்டவெளியில் ஒருவர் கொலையுண்டு கிடந்து, கொன்றவர் தெரியாவிட்டால், எந்த ஊர் மிக அருகில் இருக்கிறது என்று அளந்து பார்க்க வேண்டும். அந்த ஊர்ப் பெரியவர்கள் வந்து, எங்கள் கைகள் இந்த இரத்தத்தைச் சிந்தவில்லை, எங்கள் கண்கள் பார்க்கவும் இல்லை என்று இறைவன் முன் அறிக்கையிட வேண்டும். கண்கள் பார்க்கவில்லை என்று உறுதி சொல்ல முடியாத ஊருக்கு அந்தச் சடங்கு பயன்படாது. சூலூரிலும் அவிநாசியிலும் பெருந்துறையிலும் நெடுஞ்சாலையை ஒட்டி வாழும் ஒவ்வோர் ஊரும் இந்த உறுதியைத் தன்னிடமே கேட்டுக்கொள்ளலாம். கோயில் கமிட்டியும் பள்ளிவாசல் ஜமாத்தும் தேவாலயச் சபையும் லாரி உரிமையாளர் சங்கமும் இரண்டு காரியங்களை வெளிப்படையாகச் சொல்லலாம்: சாட்சி சொல்லப் போகிறவருடன் நாங்கள் ஸ்டேஷனுக்கு வருவோம், தானாக வந்து ஒப்புக்கொள்ளும் ஓட்டுநர்மேல் எங்கள் ஊரில் யாரும் கை வைக்க மாட்டார்கள். இந்த இரண்டும் இருந்தால் பேசத் தயங்கும் பலருக்கு வாய் திறக்கும். தண்டிக்கும் அதிகாரம் நீதிமன்றத்துக்கு உண்டு. மன்னிக்கும் உரிமை இழந்தவர்களுக்கு உண்டு. பார்த்தவருக்கு இருப்பது சொல்ல வேண்டிய கடன் மட்டுமே. அதைத் தீர்த்த பிறகு, அந்த ஓட்டுநருக்காகவும் அவர் பிள்ளைகளுக்காகவும் பார்த்தவர் எந்தச் சாமியிடம் வேண்டிக்கொண்டாலும் அந்த வேண்டுதலில் பொய் இருக்காது.